காட்டுத்தீக்குப் பின் வனவிலங்குகளைக் காத்தல்

முன்னுரை

காட்டிலே தீப் பரவுங்கால் எரிகின்ற மரங்களே முதலில் கண்ணுக்குத் தெரிகின்றன. புல்லிடையே கூடு கட்டியிருந்த காடையும், மரப்பொந்தில் வாழ்ந்த ஆந்தையும், சருகின் கீழிருந்த தவளையும் எவருடைய கண்ணுக்கும் தெரிவதில்லை. தீயிலே உயிர் தப்பியவையும் அதன் பின்னர் உணவு, நீர், மறைவிடம் ஆகிய மூன்றையும் இழந்து நிற்கின்றன. அவை பெரும்பாலும் அண்மையிலுள்ள வயலையும் மரக்கறித் தோட்டத்தையுமே நாடி வருகின்றன. ஆகவே, தீப்பட்ட காட்டின் ஓரத்திற் பயிர் செய்யும் கமக்காரர் அடுத்த சில வாரங்களிற் செய்வதும் செய்யாது விடுவதும் அவ்வுயிர்கள் மீளுமா அழியுமா என்பதைப் பெரிதும் தீர்மானிக்கின்றன.

இது இரக்கத்தை மாத்திரம் சார்ந்த விடயமன்று. வயலெலியைத் தின்பவை ஆந்தையும் சாரைப்பாம்பும் ஆகும். நெற்பயிரைத் தாக்கும் கபிலநிறத் தத்தியைச் சிலந்திகள் பிடித்துண்கின்றன. பூசணி, பாகல், வெள்ளரி ஆகியவை காய்ப்பதற்குத் தேனீ முதலிய பூச்சிகள் மகரந்தத்தைக் கொண்டு செல்லுதல் வேண்டும். இவற்றின் இருப்பிடமாகிய காட்டோரம் வெறுமையாகுமாயின், கமக்காரர் கூலியின்றிப் பெற்றுவந்த உதவியொன்றை இழப்பர்.

காட்டுத்தீக்குப் பின் வனவிலங்குகளுக்கு உதவும் முறைகள் அண்மைக் காலத்தில் பெருமளவிற் கையாளப்பட்ட நாடு அவுஸ்திரேலியா. அங்கு கண்ட பாடங்களும், அவற்றுள் இலங்கைக் கமக்காரருக்குப் பொருந்துவனவும் இப்பிரசுரத்தில் எடுத்துக் கூறப்படுகின்றன.

1. அவுஸ்திரேலியாவின் பெருந்தீ

பதிவேடுகளின்படி, 2019 ஆம் ஆண்டுவரை அவுஸ்திரேலியாவில் அவ்வாண்டைப்போல் வெப்பமும் வறட்சியும் மிகுந்த ஆண்டு பிறிதொன்று இருந்ததில்லை. அவ்வாண்டின் பிற்பகுதியில் மூண்ட தீக்கள் 2020 ஆம் ஆண்டின் தொடக்க மாதங்கள் வரை எரிந்தன. இவற்றை ஆராய்ந்த அரச ஆணைக்குழுவின் அறிக்கைப்படி எரிந்த பரப்பு 2 கோடியே 40 இலட்சம் எக்டேயருக்கு மேற்பட்டது. இது இலங்கை முழுவதன் பரப்பிலும் மூன்றரை மடங்குக்கு அதிகமாகும். தீயினால் நேரடியாக 33 பேர் மாண்டனர். 3,000 க்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன.

வனவிலங்குகளுக்கு நேர்ந்த இடரை விஞ்ஞானிகள் 2020 ஆம் ஆண்டில் மதிப்பிட்டனர். இறந்தோ இடம்பெயர்ந்தோ போன முதுகெலும்புள்ள விலங்குகளின் தொகை ஏறக்குறைய 300 கோடி எனக் கண்டனர். அவற்றுள் ஊர்வன 246 கோடி. பறவைகள் 18 கோடி. பாலூட்டிகள் 14 கோடியே 30 இலட்சம். தவளைகள் 5 கோடியே 10 இலட்சம். இத்தொகை முழுவதும் தீயில் வெந்து மடிந்தவற்றின் தொகையன்று என்பது கவனித்தற்குரியது. தீயின் வழியிலிருந்து பாதிக்கப்பட்ட யாவும் இதில் அடங்கும். அவற்றுட் பல தீயினின்று தப்பின. ஆயினும் பசி, தாகம், பகைவிலங்கு ஆகியவற்றை அவை எதிர்நோக்க நேர்ந்தது.

2. தீயிலே தப்புவன எவை?

பெரிய தீயிலும் உயிர்கள் அனைத்தும் அழிந்துவிடுவதில்லை. பறவைகள் பறந்தும், மான் போன்றவை ஓடியும் தப்பக்கூடும். குஞ்சுகளும் குட்டிகளும், ஆமை போன்று மெல்ல நகர்வனவும் பெரும்பாலும் தப்புவதில்லை. அழுங்கு தன்னைச் சுருட்டிக்கொண்டால் சிறுத்தையின் பல்லுக்குத் தப்பலாம். தீக்குத் தப்ப இயலாது.

மண் வெப்பத்தை எளிதிற் கடத்துவதில்லை. மேற்பரப்பிலே தீ விரைந்து கடந்து செல்லுமாயின், சில அங்குல ஆழத்திலுள்ள மண் அதிகம் சூடாவதில்லை. ஆகவே வளையில் வாழ்வன பல உயிர் பிழைக்கின்றன. அவுஸ்திரேலியாவில் வொம்பற்று என்னும் விலங்கு நிலத்தில் நீண்ட வளைகளைத் தோண்டுகின்றது. தீப்பட்ட காடுகளில் அவ்வளைகளைப் பிற சிறு விலங்குகளும் பறவைகளும் நாடி வருவதைத் தன்னியக்கப் புகைப்படக் கருவிகள் காட்டியுள்ளன.

இரண்டாவதாக, தீ எங்கும் ஒரே சீராக எரிவதில்லை. ஓடைக்கரை, பாறையிடுக்கு, ஈரமான பள்ளம் ஆகியவற்றிலே பச்சைத் திட்டுகள் ஆங்காங்கே எஞ்சி நிற்கும். தப்பிய உயிர்கள் அத்திட்டுகளிலே ஒதுங்குகின்றன. பின்னர் காடு தளிர்க்குங்கால் அவை அங்கிருந்தே மீண்டும் பரவுகின்றன. விதைநெல்லை இழந்தவர் அடுத்த போகத்தை இழப்பது போல, எரியாது எஞ்சிய இத்திட்டுகளை இழந்த காடு தன் உயிர்களை மீளப் பெறுதல் அரிது. இப்பிரசுரத்திற் கூறப்படுவனவற்றுள் முதன்மையான பாடம் இதுவேயாகும்.

3. தீ அணைந்த பின் வரும் இடர்கள்

பசியும் தாகமும்: சாம்பல் மூடிய நிலத்தில் முதல் மழை பெய்து புல் முளைக்கும் வரை மேய்வனவற்றுக்கு உணவில்லை. பழமரங்கள் மீண்டும் காய்ப்பதற்கு ஆண்டுகள் செல்லக்கூடும்.

பகைவிலங்குகள்: மறைவிடம் எரிந்து போனமையால் சிற்றுயிர்கள் வெட்டவெளியில் நிற்கின்றன. அவுஸ்திரேலியாவிலே காட்டில் அலையும் பூனைகளும் நரிகளும் எரிந்த இடத்தைத் தேடிச் சென்று வேட்டையாடுகின்றன. நம் நாட்டில் இத்தீங்கைச் செய்யக்கூடியவை கட்டின்றித் திரியும் நாய்களும் பூனைகளுமாகும். கண்ணியும் துவக்கும் கொண்ட மனிதரையும் இவற்றோடு சேர்த்தெண்ணுதல் வேண்டும்.

சாம்பல் கலந்த நீர்: தீக்குப் பின் முதற் பெருமழை சாம்பலையும் மண்ணையும் ஆற்றுக்கு அடித்துச் செல்லும். அதனால் நீரிற் கரைந்துள்ள ஒட்சிசன் குறைந்து மீன்கள் இறக்கின்றன. 2020 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நியூசவுத்வேல்ஸ் மாநிலத்தின் மக்லே ஆற்றில் இவ்வாறு மீன்கள் பெருந்தொகையாக மடிந்தன. தீக்குத் தப்பிய நீர்வாழ் உயிர்கள் மழைக்குத் தப்பவில்லை.

4. அவுஸ்திரேலியாவிற் கையாளப்பட்ட முறைகள்

உணவிடல்: பாறைச் சரிவுகளில் வாழும் தூரிகைவால் வல்லபி என்பது கங்காரு இனத்தைச் சேர்ந்த சிறிய விலங்கு. தீயினின்று தப்பிய இவ்விலங்குகள் எரிந்த நிலத்தால் சூழப்பட்டு உணவின்றித் தனித்து நின்றன. 2020 சனவரியில் நியூசவுத்வேல்ஸ் அரசாங்கத்தார் ஹெலிகொப்டர் மூலம் 2,000 கிலோகிராமுக்கு மேற்பட்ட கரட்டையும் வற்றாளைக்கிழங்கையும் அவ்விடங்களில் இட்டனர். அவை உண்ணப்படுகின்றனவா என்பதைப் புகைப்படக் கருவிகள் கொண்டு கவனித்தனர். இவ்வுணவு, அருகிவரும் ஓரினத்துக்கு, வேறு வழியில்லாத இடத்தில், புல் தளிர்க்கும் வரை மாத்திரம் இடப்பட்டதாகும்.

எஞ்சிய திட்டைக் காத்தல்: தென் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த கங்காருத் தீவின் ஏறக்குறையப் பாதி இத்தீயில் எரிந்தது. டன்னாட் என்னும் சிறு விலங்கின் ஓரினம் இத்தீவிலன்றி வேறெங்கும் இல்லை. எலியளவினதாயினும் அது கங்காருவைப்போல் வயிற்றுப்பையிற் குட்டியைத் தாங்குவது. அது வாழ்ந்த காட்டின் பெரும்பகுதி எரிந்துவிட்டது. தனியார் காணியொன்றில் எரியாது எஞ்சிய திட்டிலே அது உயிரோடிருப்பது பின்னர் காணப்பட்டது. காணிச் சொந்தக்காரரும் பாதுகாப்புச் சங்கத்தாரும் சேர்ந்து ஏறக்குறைய 14 எக்டேயர் நிலத்தைச் சுற்றிப் பூனை புகாத வேலியமைத்தனர். வேலி பின்னர் மேலும் விரிவாக்கப்பட்டது. அரிய ஓரினத்தின் வாழ்வுக்குக் காணிச் சொந்தக்காரர் தம் காணியிற் செய்த செயல் துணைநின்றமை இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது.

கூட்டைக் காத்தல்: அதே தீவில் பளபளப்பான கருநிறக் கொக்கட்டூக் கிளியொன்று வாழ்கின்றது. அது நம் கடற்கரைகளில் வளரும் சவுக்குக்கு உறவான மரமொன்றின் காய்களையே பெரும்பாலும் உண்பது. பெரிய மரங்களின் பொந்துகளில் முட்டையிடுவது. 1990 களின் நடுப்பகுதியில் இத்தீவில் இவை 200 க்கும் குறைவாகவே இருந்தன. முட்டையைத் தின்னும் பொசம் என்னும் விலங்கு ஏறாதவாறு மரத்தண்டைச் சுற்றித் தகரப்பட்டி கட்டப்பட்டது. பொந்து குறைந்த இடங்களில் செயற்கைக் கூடுகள் வைக்கப்பட்டன. இதனால் தீக்கு முன்னரே அவற்றின் தொகை ஏறக்குறைய இரு மடங்காகியிருந்தது. தீயில் கூடுகளும் உணவு மரங்களும் அழிந்தபோது, மீண்டும் கூடுகள் பொருத்தப்பட்டன, கன்றுகள் நடப்பட்டன. தீக்கு முன் பலப்படுத்தப்பட்டிருந்த இனமே தீயைத் தாங்கிக்கொண்டது.

தேனீக்கு உறைவிடம்: தச்சுத் தேனீ எனப்படும் பச்சைநிறத் தேனீயொன்று, உலர்ந்து நிற்கும் மென்மையான பூந்தண்டுகளிலும் பட்ட மரத்திலும் துளையிட்டு வாழ்வது. தீயில் அத்தகைய உலர்ந்த தண்டுகளே முதலில் எரிந்தொழிகின்றன. ஆகவே அதற்கென மென்மையான மரத்தாற் செய்த தண்டுகள் காட்டில் நட்டு வைக்கப்பட்டன. நம் நாட்டில் மரந்துளைக்கும் கரிய தச்சுத் தேனீயும் இவ்வினத்துக்கு உறவானதே. கொடித்தோடைப் பூக்களைக் காய்க்கச் செய்வது பெரும்பாலும் இதுவேயாகும்.

5. இலங்கையில் காட்டுத்தீ

நம் நாட்டில் மின்னலால் மூளும் தீ மிக அரிது. ஏறக்குறைய எல்லாத் தீயும் மனிதராலேயே உண்டாகின்றது. யூலை முதல் செப்ரெம்பர் வரை ஊவாப் பகுதியிலே தென்மேல் பருவக்காற்று மலையின் மறுபுறத்தில் மழையைச் சொரிந்துவிட்டு, உலர்ந்த கச்சான் காற்றாக வீசுகின்றது. பண்டாரவளை, எல்ல, அப்புத்தளை, வெல்லவாய முதலிய இடங்களின் சரிவுகளில் மானாப் புல்லும் கினிப் புல்லும் அக்காலத்தில் வைக்கோலைப்போல் உலர்ந்து நிற்கும். மாட்டுக்கு இளம்புல் வேண்டியும், வேட்டை விலங்கைத் துரத்தும் பொருட்டும், குப்பை கொளுத்துவதில் உள்ள கவனமின்மையாலும் வைக்கப்படும் தீ இப்புல்வெளியில் விரைந்து பரவும். உலர்வலயத்திலோ, பெரும்போக மழைக்கு முன் சேனைக்கென இடப்படும் தீ எல்லை கடந்து காட்டினுட் புகுகின்றது.

புல் தன் வேரினின்று சில வாரங்களில் மீண்டும் தளிர்க்கின்றது. மலைக்காட்டின் மரங்களுக்கோ அத்தகைய ஆற்றல் குறைவு. ஆகவே ஒவ்வொரு தீயும் காட்டின் விளிம்பைச் சிறிது உள்ளே தள்ளுகின்றது. எளிதில் எரியும் புல் அவ்விடத்தைக் கைக்கொள்ளுகின்றது. அடுத்த தீ முந்தியதிலும் எளிதாக மூளுகின்றது.

இளம்புல்லுக்காகத் தீ வைப்பவர் பெறும் பயனும் சில வார காலத்ததே. ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அங்குல மழை பெய்தால் விழும் நீர் ஏறக்குறைய 100 தொன் ஆகும். புல்லும் சருகும் மூடிய நிலம் இந்நீரிற் பெரும்பகுதியை மெல்ல உட்கொள்ளும். எரிந்து வெறுமையான சரிவிலோ அது மேல்மண்ணையும் சாம்பலையும் வாரிக்கொண்டு கீழே ஓடும். அம்மண் பள்ளத்தாக்கிலுள்ள வாய்க்காலை அடைக்கும், குளத்தைத் தூர்க்கும், வயலில் மணலைப் பரப்பும். தீ மேலே எரிந்தாலும் நட்டம் கீழேயுள்ள வயலுக்கும் வந்து சேருகின்றது.

6. கமக்காரர் செய்ய வேண்டியவை

(அ) தீயன்றும் மறுநாளும்

தீ முற்றாக அணையும் வரை விலங்குகளைத் தேடி எவரும் எரிந்த காட்டினுட் செல்லலாகாது. அடிமரம் எரிந்த மரங்கள் காற்றின்றியும் விழும். உள்ளே புகைந்துகொண்டிருக்கும் வேர்க்குழிகளிற் கால் புதையும். தீயைக் கண்டவுடன் கிராம உத்தியோகத்தருக்கும் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அண்மை அலுவலகத்துக்கும் அறிவித்தல் வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்னும் தொலைபேசி இலக்கத்துக்கும் அறிவிக்கலாம்.

காயமுற்ற விலங்கைக் கண்டால், அதனைச் சூழ்ந்து கூட்டம் கூடாது விலகி நின்று, வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தாருக்கு அறிவிப்பதே முறை. பறவை, ஆமை போன்ற சிற்றுயிர்களை மாத்திரம், அலுவலர் வரும் வரை, பருத்தித் துணியாற் போர்த்திக் காற்றுப்புகும் பெட்டியொன்றில் இருளும் அமைதியுமுள்ள இடத்தில் வைக்கலாம். தீப்புண்ணில் எண்ணெயோ நெய்யோ பூசுதல் கூடாது. விலங்கின் வாயில் நீரை வார்ப்பதும் கூடாது. அந்நீர் நுரையீரலுட் சென்று அதனைக் கொல்லக்கூடும். அகன்ற பாத்திரத்தில் நீரை அருகே வைத்தல் போதுமானது. பாலூட்டி விலங்கொன்று கடித்தாலோ பிறாண்டினாலோ, புண்ணைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் நன்கு கழுவி, விசர்நாய் நோய்த் தடுப்பு மருந்தின் பொருட்டு அன்றே ஆசுபத்திரிக்குச் செல்லுதல் வேண்டும்.

(ஆ) முதல் இரண்டு வாரங்கள்

எரிந்த எல்லையை ஒருமுறை சுற்றிப் பார்த்து, எரியாது எஞ்சிய திட்டுகள் எங்குள்ளன என்பதை அறிந்துகொள்க. அவற்றில் விறகு வெட்டுதல், மாடு மேய்த்தல், புல் அறுத்தல் ஆகியவற்றைக் குறைந்தது அடுத்த மழைக்காலம் முடியும் வரை நிறுத்துதல் வேண்டும். “எரிந்தது எரிந்துவிட்டது, மிகுதியையும் கொளுத்திவிட்டால் நிலம் சுத்தமாகும்” என்னும் எண்ணம் சிலரிடம் உண்டு. இதனிலும் கேடான எண்ணம் வேறில்லை.

நீர்நிலைகள் வற்றியிருக்குமாயின், வேலியோரத்தில் அகன்று ஆழங்குறைந்த தட்டுகளில் நீர் வைக்கலாம். அவற்றுள் ஒரு கல்லையும் சிறு கொம்பையும் இடுதல் வேண்டும். இல்லையேல் ஓணானும் தேனீயும் விழுந்து மாளும். நீரை நாள்தோறும் மாற்றுதல் வேண்டும். இன்றேல் நுளம்பு பெருகும். வீட்டினருகே வைத்தால் நாயும் பூனையும் அங்கு காத்திருந்து வேட்டையாடும். யானை நடமாடும் இடங்களில் இம்முறையைக் கையாளலாகாது.

நாய்களை இரவிற் கட்டி வைக்க. இது செலவற்றதும் எளிதுமான உதவியாகும்.

பயிரைக் காப்பதற்கு இக்காலத்தில் காவலைக் கூட்டுதல் நன்று. மணியொலி, தகர ஒலி, விளக்கு, பழுதற்ற வேலி ஆகியன இக்காலத்துக்குரிய கருவிகள். பறித்த மரக்கறியின் கழிவுகளைத் தோட்டத்திற் குவித்து வைக்காது கூட்டெருக் குழியிலிட்டு மண்ணால் மூடுக. அதன் மணமே காட்டுப்பன்றியை அழைக்கின்றது.

(இ) முதல் மழைக்கு முன்

எரிந்த சரிவு தம் காணிக்கு மேலே இருக்குமாயின், சமவுயரக் கோட்டின் வழியே கல்வரம்புகளையும், விழுந்த கிளைகளாலான தடைகளையும் அமைத்தல் வேண்டும். இவை மண்ணையும் சாம்பலையும் தடுத்து நிறுத்தும். இதே கிளைக்குவியல்கள் ஓணான், கீரி, நிலத்திற் கூடு கட்டும் பறவைகள் ஆகியவற்றுக்கு மறைவிடமுமாகும். இவ்வாறு ஒரே வேலையால் வயலும் உயிரும் காக்கப்படுகின்றன. வாய்க்காலின் தலைப்பில் சிறு வண்டற் குழியொன்றைத் தோண்டி, முதற் பெருமழையின் கரிய நீரை அதிற் படியவிட்டுப் பின்னர் வயலுக்குப் பாய்ச்சுக. மீன் வளர்க்கும் குளமாயின் அந்நீர் அதனுட் புகாது திருப்பிவிடுதல் வேண்டும்.

பட்டு நிற்கும் மரங்கள் யாவற்றையும் விறகுக்கென வெட்டிவிடலாகாது. பாதைக்கும் வீட்டுக்கும் இடரான மரங்களை நீக்குக; பொந்துள்ள ஏனையவற்றை நிற்கவிடுக. ஆந்தையும் மரப்பொந்துத் தேனீயும் மீண்டும் குடியேறுவது அவற்றிலேதான். வயலோரத்தில் ஆந்தை அமர்வதற்கு உயரமான கவைக்கொம்புகளை நடுதல் எலிக்கட்டுப்பாட்டுக்கும் உதவும்.

(ஈ) அடுத்த ஓராண்டு

மழை தொடங்கியதும் வேலியிலும் ஓடைக்கரையிலும் நடுகை செய்க. வேலிக்குக் கிளிரிசீடியா எனப்படும் சீமைக்கிளுவை விரைந்து வளரும். அதன் பூ தேனீக்கு உணவு, தழை வயலுக்குப் பசளை. ஓடைக்கரையில் நாவல், கும்புக்கு எனப்படும் மருது, அத்தி போன்ற உள்நாட்டு மரங்கள் சிறந்தவை. அத்திமரம் காய்க்கத் தொடங்கினால் பலவகைப் பறவைகளை வரவழைக்கும். அவை பிற மரங்களின் விதைகளை எச்சத்தோடு இட்டுச் செல்லும். நட்டவற்றைச் சூழக் கினிப் புல் வளராது களை நீக்குதல் இன்றியமையாதது.

எரிந்த நிலத்தில் மாடு மேய்ப்பதை முதற் பருவத்தில் தவிர்த்தல் வேண்டும். இளந்தளிர் ஒருமுறை கடியுண்டால் மண் மீண்டும் வெறுமையாகும். பூக்கும் பயிருக்குப் பூச்சிநாசினி தெளித்தே ஆகவேண்டுமாயின், தேனீ நடமாட்டமற்ற மாலை வேளையிற் தெளிக்க.

7. விலக்க வேண்டியவை

கம்பிக் கண்ணி வைத்தலை முதலிலே கூறுதல் வேண்டும். காட்டுப்பன்றிக்கென வைக்கப்படும் கண்ணி, வருவது எதுவெனப் பாராது பிடிக்கின்றது. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில் கம்பிக் கண்ணியிற் சிக்கி மீட்கப்பட்ட கருஞ்சிறுத்தையொன்று சில நாட்களில் இறந்தது. கருநிறச் சிறுத்தை இலங்கையில் மிக அரிதாகவே காணப்படுவது. தீக்குப் பின் விலங்குகள் பழகிய பாதைகளை விட்டுப் புதுவழிகளில் அலைகின்றமையால், கண்ணியால் விளையும் கேடு இக்காலத்திற் பன்மடங்காகும்.

தீனியுள் வெடி மறைத்து வைத்தல், நஞ்சிட்ட இரை வைத்தல், வேலியில் வீட்டு மின்சாரத்தை நேரே பாய்ச்சுதல் ஆகியவை விலங்கை மாத்திரமன்றி அயலவர் பிள்ளையையும் கொல்லக்கூடியவை. நஞ்சுண்டு மடிந்த எலியைத் தின்னும் ஆந்தையும் மடிகின்றது. தீயினின்று ஓடிவரும் மரையை வேட்டையாடுதல் 1937 ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ்க் குற்றமாகும்.

அவுஸ்திரேலியாவிற் செய்தனர் என்பதற்காகத் தோட்டத்தோரத்திற் காய்கறியை இட்டு விலங்குகளை ஊட்டுதலும் தகாது. அங்கு உணவிடப்பட்டது ஆளற்ற பாறைச் சரிவுகளில். அதனைக் கண்காணித்தவர் தேர்ந்த அலுவலர். வயலோரத்தில் இடும் உணவோ பன்றியையும் குரங்கையும் யானையையும் தோட்டத்துக்குப் பழக்கிவிடும். பழகிய விலங்கு பயிரையழிக்கும். பின்னர் மனிதர் கையால் மடியும். உணவு வேண்டிய நிலை ஏற்படுமாயின் அதனைத் தீர்மானிக்க வேண்டியவர் வனசீவராசிகள் அலுவலரேயாவர்.

வீட்டில் வளர்க்கும் பொருட்டுக் குட்டிகளையும் குஞ்சுகளையும் எடுத்துச் செல்லலாகாது. தனித்துத் தோன்றும் குட்டியின் தாய் அண்மையிலேயே ஒளிந்திருத்தல் கூடும்.

8. மீண்டும் தீ மூளாதிருக்க

தீக்குப் பின் செய்யும் உதவிகள் யாவற்றிலும் மேலானது அடுத்த தீயைத் தடுத்தலாகும். ஓராண்டு விட்டு ஓராண்டு எரியும் நிலத்தில் எந்த நடுகையும் நிலைப்பதில்லை. எந்த உயிரும் பெருகுவதில்லை.

வறண்ட காலம் தொடங்குமுன், காணிக்கும் புல்வெளிக்குமிடையே புல்லைச் செதுக்கி, மண் தெரியும் அகன்ற தீத்தடைப் பாதையொன்றை அமைத்தல் வேண்டும். இதனைத் தனியொருவர் செய்வதிலும் கமக்காரர் அமைப்பின் மூலம் ஊரார் சேர்ந்து செய்தல் சிறந்தது. ஒருவர் காணியில் விட்ட இடைவெளி அனைவர் காணிக்கும் தீ நுழையும் வாயிலாகும். வைக்கோலையும் பயிர்க்கழிவையும் கொளுத்தாது நிலத்துக்கு மூடுபடையாகவும் கூட்டெருவாகவும் பயன்படுத்துக. மாட்டுக்குப் பசும்புல் வேண்டின், மேட்டுநிலத்தில் ஒரு சிறு பாத்தியிற் தீவனப்புல்லை வளர்த்து அறுத்துக் கொடுக்கலாம். மலைச்சரிவு முழுவதையும் எரித்துப் பெறும் சில வாரப் புல்லிலும் இது நிலையான பயன் தரும்.

முடிவுரை

மேற்கூறியவற்றின் சுருக்கம் வருமாறு:

1. எரியாது எஞ்சிய திட்டைத் தொடாது காக்க.
2. நாயைக் கட்டுக, கண்ணியை அகற்றுக.
3. முதல் மழைக்கு முன் சரிவிற் கல்வரம்பும் கிளைத்தடையும் அமைக்க.
4. பொந்துள்ள பட்டமரத்தை இடரில்லாத இடத்தில் நிற்கவிடுக.
5. காயமுற்ற விலங்கைப் பற்றி அலுவலருக்கு அறிவிக்க. தாமே மருத்துவம் செய்யாதிருக்க.
6. வேலியிலும் ஓடைக்கரையிலும் மரம் நடுக.
7. வறண்ட காலத்துக்கு முன் ஊரார் சேர்ந்து தீத்தடைப் பாதை வெட்டுக.

இவற்றுட் பெரும்பாலானவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை. சில நாள் உழைப்பும் சில மாதப் பொறுமையுமே வேண்டும். எரிந்த சரிவு மீண்டும் பசுமையாகி, அந்திப் பொழுதில் வயல்மேல் ஆந்தை பறக்கக் காணும் கமக்காரர், தாம் செய்த காவல் வீண்போகவில்லை என அறிவர். மேலதிக விபரங்களுக்குப் பகுதி விவசாயப் போதனாசிரியரையோ அண்மையிலுள்ள கமநல சேவை நிலையத்தையோ நாடுக.